மீதியைத் திரைக்குப் பின்னால் காண்க: 'மேக்கிங்' புத்தகத்தை முதல்முறை கையில் எடுப்பவர்களுக்கு

ஒரு காலத்தில் தியேட்டர் வாசலில் பாட்டுப் புத்தகம் விற்பார்கள். மெல்லிய தாளில் நடிகர் பெயர்கள், டெக்னீஷியன் பெயர்கள், பாட்டு வரிகள், கொஞ்சம் கதைச்சுருக்கம். கதை சூடு பிடிக்கிற இடத்தில் நிறுத்தி, 'மீதியை வெள்ளித்திரையில் காண்க' என்று போட்டுவிடுவார்கள். வட சென்னை தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியில் அப்படி ஒரு கட்டு இருந்தது. டி.எச். ரோட்டில் ஒரு தியேட்டரில் ஆபரேட்டராக இருந்த மாமா சேர்த்து வைத்தது. திரையில் பார்த்து முடித்த பிறகும் படம் எடுத்த கதை என்ற இன்னொரு மீதி இருக்கிறது, அதற்கென்றே தலையணை கனத்தில் புத்தகங்கள் எழுதுகிறார்கள் என்பது எனக்கு முப்பது வயதுக்கு மேல்தான் தெரிந்தது.

அப்படி ஒரு புத்தகத்தை முதல்முறை எடுப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். உதாரணத்துக்கு, விண்வெளிச் சண்டைப் படவரிசையான ஸ்டார் வார்ஸில் முதல் மூன்று படங்கள் உருவான விதம் பற்றி ஜே. டபிள்யூ. ரின்ஸ்லர் எழுதிய மூன்று புத்தகங்களை வைத்துக்கொள்கிறேன். 2007, 2010, 2013 ஆண்டுகளில் வெளிவந்தவை. உங்களுக்குப் பிடித்தது வேறு படவரிசையாக இருக்கலாம், வழிமுறை மாறாது. இவற்றை நான் எடுத்துக்கொள்ளக் காரணம், முதல் புத்தகத்தின் அடித்தளம். சார்லஸ் லிப்பின்காட் என்பவர் 1975-லிருந்து 1978 வரை படக்குழுவினரிடம் எடுத்த பேட்டிகள் அவை. முதல் படம் வெளியானது 1977 மே 25. ஆக, அந்தப் பேட்டிகளில் பலவற்றில் பேசுகிறவர்களுக்குப் படம் ஓடுமா ஓடாதா என்றே தெரியாது. ஜெயித்த பிறகு சொல்லும் கதையும், ஜெயிப்போமா என்று தெரியாதபோது சொல்லும் கதையும் ஒன்றல்ல. புத்தகத்தைத் திறக்கும் முன் இதை ஒரு தாளில் எழுதி அட்டைக்குள் செருகி வையுங்கள்: இந்தப் பேச்சு எப்போது பேசப்பட்டது?

முதலில் படம், பிறகுதான் புத்தகம்

படத்தை இரண்டு தடவை பாருங்கள். முதல் தடவை சும்மா. இரண்டாவது தடவை ஹெட்போன் போட்டு, சத்தத்துக்காக மட்டும். இதைத் தவறவிட்டால் புத்தகத்தின் சிறந்த பகுதி உங்களுக்கு வெறும் எழுத்தாகப் போய்விடும்.

ஒரு எச்சரிக்கை. இப்போது ஓ.டி.டி.யில் கிடைப்பது 1977-ல் ஓடிய அதே படம் இல்லை. 1997-ல் கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸ் சேர்த்து, காட்சிகளை மாற்றி மறுவெளியீடு செய்தார்கள். பிறகும் கை வைத்தார்கள். புத்தகம் பேசுவது பழைய படத்தைப் பற்றி. புத்தகத்தில் படித்தது திரையில் இல்லையென்றாலோ, திரையில் இருப்பது புத்தகத்தில் இல்லையென்றாலோ குழம்பாதீர்கள். பெரும்பாலும் பின்னால் சேர்த்ததாக இருக்கும்.

புத்தகம் எங்கே கிடைக்கும்

விலை கூடுதல்தான், மறைக்க ஒன்றுமில்லை. மின்னூலாகவும் வந்திருக்கிறது. வாங்குவதற்கு முன் நூலகத்தில் கேளுங்கள். நம் பக்கத்திலிருந்து போக பீச் ஸ்டேஷனில் பறக்கும் ரயில் பிடித்தால் கோட்டூர்புரத்தில் இறங்கி அண்ணா நூற்றாண்டு நூலகம் போய்விடலாம். எழும்பூரில் கன்னிமாரா. சினிமாப் பிரிவு அலமாரியில் இந்தப் புத்தகமே இல்லாவிட்டாலும் இதே வகைப் புத்தகம் ஒன்றிரண்டு கண்ணில் படும். ஜனவரிப் புத்தகக் காட்சியில் ஆங்கிலப் பழைய புத்தக ஸ்டால்களை விடாதீர்கள். மூர் மார்க்கெட் 1985-ல் தீப்பிடித்து எரிந்த பிறகு சென்ட்ரல் பின்னால் அல்லிக்குளம் பக்கம் மாறிய பழைய புத்தகக் கடைகளில், பெயர் சொல்லிக் கேட்பதைவிட "சினிமா எடுத்த கதை, படம் போட்ட பெரிய புக்கு" என்று கேட்டால் தேடித் தருவார்கள்.

முதல் பக்கத்தில் ஆரம்பிக்காதீர்கள்

நான் ஆரம்பித்தேன். நாற்பது பக்கத்தில் நின்றுபோனேன். இந்தப் புத்தகங்கள் ஸ்டூடியோ ஒப்பந்தம், பட்ஜெட் பேச்சு, யார் யாருக்குக் கடிதம் போட்டார் என்றுதான் தொடங்கும். அது முக்கியமில்லாதது இல்லை. ஆனால் புதியவர் நுழைய அது வாசல் அல்ல.

படத்தின் கடைசியில் ஓடும் பெயர்ப் பட்டியலை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். இதுவரை கேள்விப்படாத ஒரு பெயரைத் தேர்ந்தெடுங்கள். நடிகர் வேண்டாம், இயக்குநர் வேண்டாம். அந்தப் பெயர் புத்தகத்தில் எங்கெல்லாம் வருகிறதோ அந்தப் பக்கங்களை மட்டும் படியுங்கள். மின்னூலாக இருந்தால் தேடினால் வந்துவிடும். அச்சுப் புத்தகமாக இருந்தால் கடைசிப் பக்கங்களில் பெயரடைவு இருக்கிறதா பாருங்கள்.

நான் பிடித்துக்கொண்டது ரோஜர் கிறிஸ்டியன். லண்டனுக்குப் பக்கத்தில் எல்ஸ்ட்ரீ ஸ்டூடியோவில் செட்டுக்குள் பொருட்களை வைத்து அலங்கரிக்கும் வேலை அவருக்கு. விண்கலத்தின் உட்புறத்தைப் புதிதாகச் செய்ய காசு இல்லை. பழைய விமானங்களை உடைத்து விற்கும் இடத்துக்குப் போய்க் குழாய், இன்ஜின் துண்டு, மூடி என்று எடைக்கு வாங்கி வந்து சுவரெங்கும் ஒட்டினார்கள். நம் பாஷையில் சொன்னால் காயலாங்கடைச் சாமான். படத்தில் அந்தக் கப்பல் ஏன் அடித்துப் பிடித்து ஓடிய லாரி மாதிரி நிஜமாகத் தெரிகிறது என்பதற்கு இதுதான் காரணம்.

அவரே செய்த இன்னொன்றைக் கிட்டத்தில் பாருங்கள். படத்தில் வீரர்கள் வீசும் ஒளிவாளின் கைப்பிடி. லண்டனில் ஒரு போட்டோ சாமான் கடையில் தேடியபோது, பழைய பத்திரிகை கேமராக்களில் ஃபிளாஷ் பல்பைப் பிடித்து நிற்கும் கிராஃப்ளெக்ஸ் கைப்பிடி கிடைத்தது. உள்ளே பேட்டரி போடுகிற உலோகக் குழாய். பக்கத்தில் சிவப்புப் பொத்தான். பிடி வழுக்காமல் இருக்கக் கறுப்புப் பட்டைகளை நீளவாக்கில் ஒட்டினார். முடிந்தது. உலகம் முழுக்கக் குழந்தைகள் கையில் வைத்து விளையாடும் அந்தப் பொருள், மறக்கப்பட்ட ஒரு ஃபிளாஷ் கைப்பிடி. காட்சியை நிறுத்திக் கையை உற்றுப் பாருங்கள், பொத்தான் தெரியும். ஒருவருடைய கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனால் புத்தகம் தானாக விரியும். அந்த ஆண்டு கலை இயக்கத்துக்கான ஆஸ்கரைப் பெற்றவர்களில் அவரும் ஒருவர்.

வார்த்தைக்குப் பயப்படாதீர்கள்

ஆங்கிலம் தடுக்கும் என்று பலர் தயங்குகிறார்கள். தடுப்பது ஆங்கிலம் இல்லை, தொழில் சொல். பத்துப் பதினைந்து சொல்தான். கேஃபர் என்றால் லைட்மேன்களின் தலைவர். கிரிப் என்றால் டிராலி, டிராக், கிரேன் பார்க்கிறவர்கள். டெய்லீஸ் என்று அவர்கள் சொல்வதை நம் ஆட்கள் ரஷ் என்பார்கள். மேட் பெயின்ட்டிங் என்பது கண்ணாடியில் வரைந்து, நடிகர்கள் இருக்கும் இடத்தை மட்டும் விட்டுவிட்டுக் காட்சியோடு இணைக்கிற ஓவியம். மவுண்ட் ரோடில் கட்டம் போட்டு பேனர் வரைந்தவர்களைப் பார்த்த தலைமுறைக்கு அந்தத் திறமை புரியும். கிட்பாஷிங் என்பது கடையில் விற்கும் பிளாஸ்டிக் டாங்கி, விமான மாடல் டப்பாக்களை வாங்கி, அவற்றின் துண்டுகளை விண்கலத்தின் மேல் ஒட்டுவது. இவற்றை ஒரு தாளில் எழுதிப் புத்தகத்தோடு வைத்தால் அகராதியே தேவைப்படாது.

மூன்று வரிக் குறிப்பு

இதுதான் என் அனுபவத்தில் மிக உபயோகமான படி. நோட்டில் ஒவ்வொரு சம்பவத்துக்கும் மூன்று வரி எழுதுங்கள்: என்ன சிக்கல், கையில் என்ன இருந்தது, என்ன செய்தார்கள். துணுக்கு மாதிரி 'ஆச்சரியத் தகவல்' என்று எழுதி வைத்தால் மறுநாள் மறந்துவிடும். வேலையாக எழுதினால் நிற்கும்.

உதாரணம் சொல்கிறேன். 1976 மார்ச் 22-ல் துனிசியாவில் படப்பிடிப்பு ஆரம்பம். சிக்கல்: பாலைவனத்தில் மழைப்புயல் அடித்தது, ரிமோட்டில் ஓட வேண்டிய ரோபோக்கள் ஓடவில்லை. கையில் இருந்தது: உள்ளே உட்கார்ந்து ஆட்டக்கூடிய உயரத்தில் கென்னி பேக்கர் என்ற நடிகர், கொஞ்சம் கம்பி. செய்தது: சில ஷாட்டுகளில் அவர் உள்ளிருந்து ஆட்டினார், சிலவற்றில் கம்பி கட்டி இழுத்தார்கள்.

இன்னொன்று, இரண்டாவது படம், 1979 மார்ச். நார்வேயில் ஃபின்ஸே என்ற ஊரில் பனிப்புயல். லொகேஷனுக்கு நகர முடியாது. கையில் இருந்தது: தங்கியிருந்த ஓட்டல். செய்தது: கேமராவை ஓட்டல் வாசலிலேயே வைத்து, கதாநாயகனை வெளியே பனியில் தள்ளாட விட்டு எடுத்துவிட்டார்கள். திரையில் அவர் மனித வாசமே இல்லாத கிரகத்தில் தனியாகத் தவிக்கிறார். யூனிட் கதவுக்கு உள்பக்கம் நிற்கிறது. நவம்பர் மழையில் முழங்கால் தண்ணீரில் கடையைத் திறந்து அன்றைய வியாபாரத்தைப் பார்த்துவிடும் நம் தெருக்காரர்களுக்கு இந்த மனசு அந்நியமில்லை.

எடிட்டிங் பகுதிக்கு வரும்போதும் இதே மூன்று வரிதான். விண்வெளிச் சண்டைக் காட்சிகள் தயாராகவில்லை, ஆனால் படத்தை வெட்டிப் பார்த்தாக வேண்டும். பழைய இரண்டாம் உலகப்போர் விமானச் சண்டைக் காட்சிகளை அந்த இடத்தில் ஒட்டி, வேகத்தையும் கோணத்தையும் அதிலிருந்து பிடித்தார்கள். எடிட்டிங் ஆஸ்கர் வாங்கிய மூவரில் மார்சியா லூகாஸ் ஒருவர். அவர் பெயர் வரும் பக்கங்களைத் தாண்டிப் போகாதீர்கள்.

கையால் செய்து பார்க்க ஒரு மாலை

சத்தப் பகுதிக்கு வந்ததும் புத்தகத்தை மூடி வையுங்கள். பென் பர்ட் என்ற இளைஞர் இந்தப் படத்தின் சத்தங்களை உண்டாக்கினார். பறந்து வரும் எதிரி விமானத்தின் அலறல், யானைப் பிளிறலோடு ஈரத் தார்ரோட்டில் கார் போகும் சத்தம் கலந்தது. பெரிய ரோமக்காரத் தோழனின் குரலில் பாதிக்கு மேல் கரடி. துப்பாக்கிச் சத்தம், ரேடியோ கோபுரத்தை இழுத்துக் கட்டும் கம்பியைச் சுத்தியலால் தட்டியது.

ஒளிவாளின் சத்தம்தான் என்னை நிறுத்தியது. பர்ட் படித்த கல்லூரியில் புரொஜெக்டர் ஓட்டும் வேலையும் பார்த்தவர். பழைய புரொஜெக்டரின் மோட்டார், படம் ஓடாமல் சும்மா நிற்கும்போது ஒரு ரீங்காரம் போடும். அதை எடுத்தார். ஒருநாள், கம்பி உறை அறுந்த மைக் ஒன்றோடு டி.வி. பெட்டியைத் தாண்டிப் போனபோது ஒரு கரகரப்பு வந்தது. அதையும் எடுத்து அடியில் சேர்த்தார். இரண்டும் சேர்ந்து 'வ்வ்வ்ம்'. வாள் வீசும்போது சத்தம் மாற வேண்டுமே? அந்த ஒலியை ஸ்பீக்கரில் ஓடவிட்டு, மைக்கை ஸ்பீக்கர் முன்னால் வீசி வீசி மறுபடி பதிவு செய்தார். ரயில் நம்மைத் தாண்டும்போது ஹாரன் சத்தம் ஏறி இறங்குமே, அதே டாப்ளர் விளைவு.

மாமாவுக்கு இதைப் படித்துக் காட்டினேன். கொஞ்சநேரம் பேசவில்லை. "இன்னாடா சொல்றே, மிஷினு சும்மா இருக்கச்சே போடுற சத்தமா அது? அத்த வெச்சிக்கினு நான் எத்தினி வருஷம் ஒக்காந்திருந்தேன்!" என்றார். பிறகு படத்தை ஓடவிட்டு வாள் சண்டை வந்ததும் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

நீங்கள் செய்ய வேண்டியது: ஒரு மொபைலில் ஃபிரிட்ஜ் மோட்டாரின் ரீங்காரத்தை ஒரு நிமிஷம் பதிவு செய்யுங்கள். ராத்திரி தெரு அடங்கிய பிறகு எடுத்தால் நல்லது. அதை ஸ்பீக்கரில் சுற்றிச் சுற்றி ஓடவிடுங்கள். இன்னொரு மொபைலில் ரெகார்டர் போட்டு, அதை ஸ்பீக்கர் முன்னால் இடமிருந்து வலமாக வேகமாக வீசுங்கள். கையில் இறுக்கிப் பிடியுங்கள். ஸ்பீக்கரிலிருந்து ஒரு ஜாண் தூரம் சரியாக இருக்கும். ரொம்ப தள்ளிப் போனால் ஏற்ற இறக்கம் கேட்காது. பத்து தடவையில் ஒன்று சரியாக வரும்.

துப்பாக்கிச் சத்தத்துக்கு ஒரு உலோகச் சுருள் ஸ்பிரிங் பொம்மை போதும். ஒரு முனையைக் காகிதக் கப்பின் அடியில் செருகி, மறுமுனையைத் தொங்கவிட்டு, பேனாவால் தட்டுங்கள். கப்பைக் காதில் வையுங்கள். மெல்லிய சுருதி முதலிலும் கனத்த சுருதி பின்னாலும் வந்து சேர்வதால் 'பியூ' என்று கேட்கும். தெருவில் கரண்ட் கம்பத்தை இழுத்துக் கட்டியிருக்கும் ஸ்டே கம்பியைத் தட்டிப் பார்க்கலாம் என்று எந்தக் குழந்தைக்கும் தோன்றக்கூடாது. இதைச் செய்யும்போது முதலிலேயே அதைச் சொல்லிவிடுங்கள்.

நம்பலாமா என்று கேட்டுப் படியுங்கள்

புகழ் பெற்ற படத்தைப் பற்றி எல்லோரும் 'அப்போதே எல்லாம் தெரியும்' என்பார்கள். மேக்கிங் புத்தகத்தின் உண்மையான மதிப்பு, பழைய தாள்களைக் காட்டுவதில் இருக்கிறது. திரைக்கதைப் பிரதிகள் மாறி மாறி வந்த பக்கங்களை மெதுவாகப் படியுங்கள். முதல் படத்தின் பிரதிகள் 1974-லிருந்து 1976 வரை மாறிக்கொண்டே இருந்தன. கதாநாயகனின் குடும்பப் பெயர் படப்பிடிப்பு தொடங்கும்போது கூட ஸ்டார்கில்லர். அதன் பிறகுதான் ஸ்கைவாக்கர்.

எல்லோருக்கும் தெரிந்த அந்தத் திருப்பத்தையே எடுங்கள், வில்லன்தான் அப்பா என்பது. இரண்டாவது படத்துக்கு லீ பிராக்கெட் 1978 பிப்ரவரியில் எழுதிக் கொடுத்த முதல் பிரதியில் அது இல்லை. அதில் அப்பா தனி ஆள், ஆவியாக வந்து பேசுகிறார். மார்ச்சில் பிராக்கெட் இறந்துபோனார். அதன் பிறகு, முதல் படத்தை இயக்கிய ஜார்ஜ் லூகாஸ் எழுதிய பிரதியில்தான் அப்பாவும் வில்லனும் ஒருவராகிறார்கள். இப்படி ஒரு தாள் முன்னால் இருக்கும்போது, ஆரம்பத்திலிருந்தே திட்டமிட்டது என்று யார் சொன்னாலும் தேதியைப் பார்த்துக்கொள்ளலாம்.

அந்த ரகசியத்தைக் காத்த விதம் நம் டப்பிங் தியேட்டர் பழக்கம் உள்ளவர்களுக்குச் சட்டென்று புரியும். செட்டில் வில்லனின் கறுப்பு உடைக்குள் நின்ற டேவிட் பிரவுஸ் பேசிய வசனமே வேறு, உன் அப்பாவைக் கொன்றது உன் குருதான் என்று. எதிரே நின்ற கதாநாயகன் மார்க் ஹாமிலுக்கு உண்மை படம்பிடிப்பதற்குச் சற்று முன்புதான் காதில் சொல்லப்பட்டது. சரியான வசனம் பின்னால் ஜேம்ஸ் ஏர்ல் ஜோன்ஸின் குரலில் ஏறியது.

கணக்கு வரும் பக்கங்களைக் கடைசியில் படித்துக்கொள்ளலாம். ஒன்றை மட்டும் விடாதீர்கள்: 1975-ல் வான் நைஸ் என்ற இடத்தில் ஒரு குடோனில் தொடங்கிய ஸ்பெஷல் எஃபெக்ட்ஸ் பிரிவு, பணத்தில் ஏறக்குறைய பாதியைச் செலவழித்த நிலையில் கையில் சில ஷாட்டுகளே வைத்திருந்த கட்டம். கேமராவையே கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் ஓட்டும் கருவியை ஜான் டைக்ஸ்ட்ராவின் குழு முதலில் செய்து முடிக்க வேண்டியிருந்தது, அதனால்தான். அதைத் தெரிந்துகொண்டு படத்தின் கடைசி இருபது நிமிடத்தைப் பாருங்கள்.

நம் தெருவில் ஒரு பக்கம் எழுதுங்கள்

புத்தகத்தை முடித்தவர்களிடம் நான் கேட்பது இது ஒன்றுதான். லிப்பின்காட் செய்ததை நீங்களும் செய்யுங்கள், சின்ன அளவில். தமிழின் முதல் பேசும் படமான காளிதாஸ் 1931-ல் ஓடியது நம் பக்கத்து கினிமா சென்ட்ரல் தியேட்டரில்தான். 1967-ல் தொடங்கிய அகஸ்தியா தியேட்டர் 2020-ல் மூடிவிட்டது. பின்னி மில் வளாகத்தில் எத்தனையோ படங்களுக்கு செட் போட்டிருக்கிறார்கள். ஆணி அடித்தவர், பிளைவுட் தூக்கியவர், சாப்பாட்டு வண்டி ஓட்டியவர், டிக்கெட் கிழித்தவர் எல்லாம் வியாசர்பாடியிலும் கொருக்குப்பேட்டையிலும் இருக்கிறார்கள். அவர்களிடம் யாரும் கேட்டதில்லை.

போகும்போது அனுமதி கேட்டுப் பதிவு செய்யுங்கள். தேதியைச் சொல்லி ஆரம்பியுங்கள். 'அந்தக் காலம் எப்படி இருந்தது' என்று கேட்டால் பொதுவாகத்தான் பதில் வரும். கையில் ஒரு பொருளைக் கொடுத்துக் கேளுங்கள்: பழைய டிக்கெட், பாட்டுப் புத்தகம், சுத்தியல். தரமணியில் ரோஜா முத்தையா நூலகத்தில் பாட்டுப் புத்தகங்களைப் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். ஒருநாள் போய்ப் பார்த்து வந்தால் என்ன கேட்பது என்று தெளிவு வரும். எழுதி முடித்ததும் அவர்களுக்கே படித்துக் காட்டுங்கள். தப்பைத் திருத்துவார்கள், திருத்தும்போது புதிதாக ஒன்று சொல்வார்கள்.

நான் மாமாவிடம் கொடுத்தது ஒரு வெட்டுப்பட்ட பிலிம் துண்டு, ஐந்தாறு ஃபிரேம். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, கட்டை விரலால் மேல் வலது மூலையைத் தடவினார். "இங்க பொட்டு வரும்டா. மொத பொட்டுல அடுத்த மிஷினு மோட்டார ஓடவுடணும். ஏழெட்டு செகண்டு. ரெண்டாவது பொட்டுல மாத்திடணும். மாத்துனது ஜனத்துக்குத் தெரியக்கூடாது." இதைச் சொல்லிவிட்டு, இடது கையால் இல்லாத ஒரு லீவரைப் பிடித்து, வலது கையால் இல்லாத இன்னொன்றைத் தள்ளிக் காட்டினார். என் நோட்டில் அந்தப் பக்கத்துக்குத் தேதி போட்டிருக்கிறேன், கை எப்படிப் போனது என்று ஒரு படமும் வரைந்திருக்கிறேன்.